சாப்பாட்டு மேசையிலிருந்து பீடத்துக்கு

கத்தோலிக்கத் திருப்பலியில் குரு அப்பத்தட்டைச் சற்றே உயர்த்தி இறைவனைப் போற்றிச் சொல்லும் மன்றாட்டு, முதல் நூற்றாண்டிலிருந்து அறுபடாமல் வந்தது என்று நம்புவோர் உண்டு. அப்படி வந்ததல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்துச் சீர்திருத்தத்தில், யூதர்கள் உண்ணுமுன் சொல்லும் ‘பெராக்கா’வை மாதிரியாக வைத்துப் புதிதாக எழுதியது, 1970ஆம் ஆண்டின் திருப்பலி நூலில் இடம்பெற்றது. அதற்குமுன் அங்கிருந்தவை இடைக்காலத்து மன்றாட்டுகள். எனக்கென்னவோ, பழமையைவிட இந்தப் புதுமையே பெரிதாகப் படுகிறது. பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களை இழித்த சொல்லை 1959இல்தான் நீக்கிய திருச்சபை, அடுத்த பத்துப் பதினோரு ஆண்டுகளில் அவர்கள் வீட்டு மேசையின் புகழுரையைத் தன் பீடத்துக்கே கொண்டுவந்துவிட்டது! இரண்டிலும் போற்றப்படுவது உணவல்ல, தந்தவர். ஆனால் யூத மன்றாட்டில் நிலத்திலிருந்து அப்பம் வரச்செய்பவர் இறைவன் மட்டுமே. உழுதவரும் மாவு பிசைந்தவரும் அதில் இல்லை. கத்தோலிக்க வடிவம் மனிதக் கைகளின் உழைப்பையும் சேர்த்துக்கொள்கிறது. வரிசையும் வேறு. சபாத் இரவில் இரசக் கிண்ணம் முதலில், அப்பம் பிறகு. தொடக்கக் கிறிஸ்தவ நூலான திதக்கேயிலும் கிண்ணம்தான் முன்னே. காணிக்கைப் பாடல் பாடப்படும்போது குரு திருப்பலியின் இந்த மன்றாட்டைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொள்கிறார்; நம் கோவில்களில் அநேகமாக ஞாயிறுதோறும் பாடல் உண்டு, ஆகவே இது மக்கள் காதில் விழுவதே அபூர்வம். மாதம் ஒரு ஞாயிறாவது பாடகர் குழு அந்த இடத்தில் வாய்மூடி இருக்கலாம்.