மரப்பல்லியை மரத்திலேயே விடுங்கள்

குற்றாலத்தில் சாரல் காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. அருவியில் குளிக்க மக்கள் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். தென்காசி வீதிகளில் கூட்டம் நிரம்பி வழிகிறது.

குளித்து முடித்த பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? மரம் மரமாகப் பார்க்கிறார்கள். பட்டையோடு பட்டையாக ஒரு பல்லி ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அதைப் பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன? கை துறுதுறுக்கிறது.

வெளிநாடுகளில் சின்னஞ்சிறு மரப்பல்லிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறார்கள். அந்தப் படங்கள் இன்று செல்போனில் வருகின்றன. பார்க்கும் பிள்ளைகளுக்கு ஆசை வருவது இயற்கை.

அந்த ஆசையைப் பெற்றோர் திட்டி அடக்க வேண்டாம். நல்ல வழியில் திருப்பினால் போதும்.

பாட்டிலில் என்ன ஆகும்?

மரப்பல்லி பகலில் பட்டை இடுக்கில் பதுங்கும். இரவில் வெளியே வந்து பூச்சி பிடிக்கும். உயிருள்ள பூச்சிதான் அதற்கு உணவு. சோறு போட்டாலும் தின்னாது. பிஸ்கட் போட்டாலும் தின்னாது.

பாட்டில் வெயிலில் இருந்தால் உள்ளே சூடேறும். பல்லி செத்துவிடும்.

பிடிக்கும்போதே அது வாலைத் துண்டித்துக்கொண்டு ஓடப் பார்க்கும். வால் மறுபடி முளைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பல்லி வாலில்தான் கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது. வால் போனால் சேமிப்பும் போயிற்று.

பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனாலும் அதன் உடம்பில் வயிற்றுக் கோளாறு உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம். தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும்.

மலைக்கு மலை வேறு

"ஒரு பல்லிதானே! காட்டில் ஆயிரம் இருக்குமே!" என்று சிலர் கேட்பார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பழமையான ஒரு பல்லி வகை உண்டு. நூறு ஆண்டுகளுக்கு மேலாக, அதில் ஒரே ஓர் இனம்தான் இருப்பதாக எண்ணி இருந்தார்கள். 2019-ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் அதில் ஆறு புதிய இனங்களை அறிவித்தார்கள். கொடைக்கானல் பல்லி வேறு. மேகமலைப் பல்லி வேறு. மாஞ்சோலைப் பல்லி வேறு. கொடைக்கானல் பல்லிக்குத் 'தொல்பல்லி' என்று தமிழிலேயே பெயர் வைத்தார்கள்.

தென்காசி மாவட்டத்தைத் தொட்டு நிற்கிறது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கும் 2022-ஆம் ஆண்டு மூன்று புதிய குட்டிப் பல்லி இனங்களை அறிவித்தார்கள். அதில் ஒன்றின் பெயர் 'அழகு'.

இப்படிப்பட்ட பல்லி ஒரு மலையை விட்டால் வேறு எங்கும் இல்லாமல் இருக்கலாம். அங்கே அழிந்தால் உலகத்திலேயே அழிந்தது என்று பொருள்.

ஆப்பிரிக்காவில் நடந்தது

தான்சானியா நாட்டில் கிம்போசா என்று ஒரு சிறு காடு இருக்கிறது. அங்கே தாழை இனத்து மரங்களில் நீலப் பல்லி வாழ்கிறது. விரல் நீளம்தான் இருக்கும். வளர்ப்பதற்காக வெளிநாட்டார் விலை கொடுத்து வாங்கினார்கள்.

2004-க்கும் 2009-க்கும் இடையில் ஒரு கூட்டத்தார் மட்டும் 32,000-க்கு மேற்பட்ட பல்லிகளைப் பிடித்தார்கள். எட்டாத பல்லியைப் பிடிக்க மரத்தையே வெட்டினார்கள். பல்லியும் போயிற்று, அது இருந்த வீடும் போயிற்று. கடைசியில் 2016-ஆம் ஆண்டு உலக நாடுகள் மாநாடு கூடி, காட்டில் பிடித்த நீலப் பல்லியை வெளிநாடுகளுக்கு விற்கத் தடை போட்டது.

அந்தக் கதி குற்றால மலைக்கு வரக்கூடாது.

சட்டமும் இருக்கிறது

2015-ஆம் ஆண்டு நெல்லை வனவிலங்கு சரணாலயம் அமைக்கப்பட்டது. குற்றால மலைக் காடுகள் அதில் அடங்கும். சரணாலயத்தில் இருந்து அனுமதி இல்லாமல் எந்தக் காட்டு உயிரையும் எடுத்துச் செல்வது குற்றம். வேடிக்கைக்கு எடுத்தேன் என்றாலும் குற்றம்தான்.

"காட்டில் பிடிக்காமல் கடையில் வாங்கினால்?" என்று கேட்கலாம். அது பெட்டியில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? உலக நாடுகள் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்யவேண்டும். 2024-ஆம் ஆண்டு விதிகள் இப்படிச் சொல்கின்றன.

வீட்டிலேயே பார்க்கலாம்

பிள்ளைகளுக்குப் பல்லி வேண்டுமா? வீட்டு மரத்தைக் காட்டுங்கள். மரத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். காய்ந்த பட்டையை உரிக்காதீர்கள். இரவில் டார்ச் விளக்கோடு பிள்ளையை அழைத்துப் போங்கள். எத்தனை பல்லி, எந்த இடத்தில், என்ன பூச்சி பிடித்தது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பல்லி தலைகீழாக ஓடியும் விழாதது ஏன் என்று பிள்ளை கேட்கும். அதன் விரலடியில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான மயிரிழைகள் இருக்கின்றன என்று சொல்லுங்கள். பாடப் புத்தகம் தராத ஆர்வத்தை இது தரும்.

அருவிக்குப் போகும் வழியில் "பல்லியைப் பிடிக்காதீர்" என்று அதிகாரிகள் பலகை வைக்கலாம். அதற்கு முன்பே பெற்றோர் வாயால் சொல்லலாம்.

குற்றாலத்தில் இருந்து சாரலின் நினைவைக் கொண்டுபோங்கள். பல்லி மரத்திலேயே இருக்கட்டும்.