கிளப் திவால்: குற்றவாளி யார்?

கால்பந்து கிளப் கோப்பை வாங்கினால் முதலாளிக்கு மாலை. அதே கிளப் கடனில் கவிழ்ந்தால்? "பையன்கள் சரியா ஆடலை" என்று பழி ஆட்டக்காரர் தலையில்!

இது நியாயமா?

சென்னை சிட்டி கிளப்பின் கதையைப் பாருங்கள். 2019 மார்ச்சில் கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்தி ஐ-லீக் கோப்பையைத் தட்டியது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு நல்ல காலம் என்று ரசிகர்கள் துள்ளினர்.

நல்ல காலம் நீடிக்கவில்லை. சம்பளப் பாக்கிப் புகார்கள் கிளம்பின. 2021-22 ஐ-லீக்கில் அந்த கிளப்பே இல்லை!

அடுத்தது ஐதராபாத். 2022 மார்ச்சில் ஐ.எஸ்.எல். சாம்பியன். 2023-24 சீசனில் சம்பளம் வராமல் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் மூட்டை கட்டினர். மிச்சமிருந்த இளம் பையன்கள் ஆடினார்கள். கடைசி இடம்தான் கிடைத்தது.

இரண்டுமே கோப்பை வாங்கிய கிளப்புகள். ஆட்டம் கெட்டதால் கிளப் கெடவில்லை. கணக்கு கெட்டதால்தான் ஆட்டமும் கெட்டது.

முதல் குற்றவாளி, வரவு பார்க்காமல் செலவு செய்யும் முதலாளி. நம் ஊர் கிளப்புகளுக்கு டிக்கெட் வசூல் சொற்பம். முதலாளியின் பை வற்றினால் கிளப்பும் வற்றும். கீழராஜ வீதியில் மளிகைக் கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள். கடைப் பையனுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் புதுக் கிளை திறப்பாரா?

இரண்டாவது குற்றவாளி, கண்ணை மூடிக்கொண்டு அனுமதி கொடுக்கும் சங்கம். சம்பளப் பாக்கி இருக்கக் கூடாது என்று லைசென்ஸ் விதியே இருக்கிறது. விதி இருந்து என்ன? வீடு எரிந்த பிறகு கிணறு வெட்டுகிறார்கள்!

இங்கிலாந்திலும் இதே கூத்துதான். 1885-ல் பிறந்த பரி கிளப் 2018-ல் வெறும் 1 பவுனுக்குக் கை மாறியது. வாங்கியவரிடம் நடத்தப் பணம் இருக்கிறதா என்பதற்கு ஆதாரம் வாங்காமலே லீக் விட்டுவிட்டது. 2019 ஆகஸ்டில் கிளப்பை லீக்கை விட்டே நீக்கினார்கள். கடைசியில் அந்நாட்டுப் பார்லிமெண்டு 2025-ல் தனிச் சட்டமே போட்டது. கிளப்புகளின் கணக்கைக் கண்காணிக்கத் தனி அமைப்புக்கு அந்தச் சட்டம் வழி செய்தது.

இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சீசன் தொடங்கும் முன்பே ஆட்டக்காரர்களின் சம்பளத்தில் ஒரு பகுதியை கிளப்புகள் சங்கத்திடம் டெபாசிட் கட்டட்டும். கட்டாத கிளப்புக்கு மைதானத்தில் இடமில்லை என்று சொல்லட்டும். ஆண்டுக் கணக்கை ரசிகர்கள் பார்க்கும்படி வெளியிடட்டும்.

ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் வெறுங்காலோடு பந்து உதைக்கும் பையன் நாளை ஒரு கிளப்பில் கையெழுத்துப் போடுவான். அவன் வீடு அந்தச் சம்பளத்தை நம்பி இருக்கும். சீட்டுக் கம்பெனி ஓடிப்போனால் சீட்டுக் கட்டியவனையா ஜெயிலில் போடுகிறோம்?

கால் ஆட்டக்காரருடையது. கணக்குப் புத்தகம் முதலாளியுடையது. அதைத் திறந்து பார்க்கும் அதிகாரம் சங்கத்துக்கு இருக்கிறது. திறந்து பார்க்காத சங்கமும் கூட்டுக் குற்றவாளிதான்!