காதுக்கு விலைச்சீட்டு தெரியாது

தென்னேரியில் விடிகாலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க நிற்கும் பிள்ளைகளில் இயர்போன் மாட்டாத காதைப் பார்ப்பது அரிது. சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் உலகத்துக்கே போனும் காரும் பூட்டி அனுப்புகிறவர்கள் இவர்கள். இயர்போன் பற்றிப் பேச்செடுத்தால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “நல்ல சவுண்டு வேணும்னா காசு போட்டுத்தாண்ணே ஆகணும்.” அடுத்து தனி மியூசிக் பிளேயர், ஒலியைக் கூட்ட ஓர் ஆம்ப், தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டிய இயர்போன் என்று பட்டியல் நீளும். அதற்கு மாதத் தவணையும் இருக்கிறது. இந்த நம்பிக்கை ஓர் எல்லைக்கு மேல் முழுப் பொய். வியர்வை சிந்திச் சம்பாதிக்கிறவன் பையிலிருந்து இப்படிப் பணம் பிடுங்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் விலை. ஜெரோன் பிரேபார்ட் என்ற ஒலி ஆய்வாளர் 2017இல் 283 ஹெட்போன்களையும் இயர்போன்களையும் அளந்து பார்த்தார். தாழ்ந்த சுருதி முதல் உச்ச சுருதி வரை ஒவ்வொன்றையும் அந்தக் கருவி எந்த அளவில் ஒலிக்கிறது என்பதே அவர் எடுத்த அளவு. ஒலியின் தரத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது இதுதான். அதற்கும் கடை விலைக்கும் தொடர்பே இல்லை என்று அவருடைய ஆய்வு முடிந்தது. முந்நூறு ரூபாய்ச் சரக்கெல்லாம் தேறும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மலிவில் குப்பை நிறைய உண்டு. ஆனால் விலை கூடியதிலும் குப்பை உண்டு என்பதையும், எது குப்பை என்று விலைச்சீட்டு காட்டிக்கொடுக்காது என்பதையும் வாங்குகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

“எனக்கு வித்தியாசம் தெரியுதே” என்பார்கள். தெரியும்தான். கண்ணும் சேர்ந்துதானே கேட்கிறது. ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் ஆகிய இருவரும் 1994இல் வெளியிட்ட சோதனையில், அதே ஸ்பீக்கர்களை ஆட்கள் ஒருமுறை பார்த்தபடியும் ஒருமுறை திரைக்குப் பின்னால் வைத்தும் கேட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்தபோது பெரிய, பகட்டான பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. திரை விழுந்ததும் தீர்ப்பு மாறியது. இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. இரண்டு கருவிகளில் ஒன்று இம்மியளவு உரக்க ஒலித்தாலே போதும், அதுதான் ‘தெளிவாக’ இருப்பதாக நமக்குப் படும். ஒலி அளவைச் சமப்படுத்தாமல் கடையில் காட்டப்படும் எந்த ஒப்பீட்டுக்கும் மதிப்பில்லை.

இனி எண்கள். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று அட்டையில் அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்குகிறவர்கள் ஏராளம். 1982இல் சந்தைக்கு வந்த சி.டி.யின் அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். இந்தக் கணக்கில் 22 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைக் குறையில்லாமல் பதிந்து திருப்பித் தரலாம். மனிதக் காது கேட்பது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் இறங்கும். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபெல் இடைவெளியை 16 பிட் கொடுக்கிறது. சினிமாப் பாட்டு எதற்கும் இது தாராளம். மேயர், மோரன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 2007இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவு ஒன்றை அப்படியே ஒருமுறையும், நடுவில் சி.டி. அளவுக்குக் குறைத்து ஒருமுறையும் ஒலிக்கவிட்டு, எது எது என்று கேட்டார்கள். 554 முறை கேட்டதில் சரியான விடை 276. காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் பாதி சரியாகத்தான் இருந்திருக்கும். அந்தத் தங்க நிற ஸ்டிக்கர் இயர்போன் 40 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டுவதாக உறுதி சொல்கிறது. அதில் மேல்பாதி நம் காதுக்கு வந்து சேரவே சேராது.

தனி மியூசிக் பிளேயர் கதையும் இதுதான். 2016இல் சோனி 3,199 டாலருக்கு ஒரு வாக்மேன் விற்றது. செம்புக் கூட்டின்மேல் தங்க முலாம். அதே பெயரில் 1979இல் வந்த முதல் வாக்மேன், இசையை வீட்டிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்த பெரிய காரியத்தைச் செய்தது. தங்க முலாம் இசைக்குச் செய்தது ஒன்றுமில்லை.

ஆம்ப் கதைக்கு வருவோம். சாதாரண இயர்போன் ஒன்று ஒரு மில்லிவாட் மின்சாரத்தில் ஏறக்குறைய 100 டெசிபெல் ஒலிக்கும். அந்த அளவில் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கேட்டால் காதுக்கு ஆபத்து. போனில் செருகும் ஆயிரம் ரூபாய் அளவிலான டாங்கிளே ஒரு வோல்ட் தந்தால், 32 ஓம் இயர்போனுக்கு 30 மில்லிவாட் கிடைத்துவிடும். தேவைக்கு மேல் பல மடங்கு கையில் இருக்கும்போது தனி ஆம்ப் எதைக் கூட்டப்போகிறது? 300 ஓம் தடையுள்ள பெரிய ஹெட்போன்களும், மின்சாரத்தை அதிகம் கேட்கும் சில பிளேனார் வகைகளும் உண்டு. அவற்றுக்கு ஆம்ப் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. பஸ்ஸில் மாட்டிக்கொள்ளும் இயர்போனுக்கு அது வீண் செலவு. ஸ்பீக்கர் வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். பெட்டியில் ‘5000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று போட்டிருந்தால் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் உள்ளே போவதே 24 வாட். அதைவிட அதிகமாக வெளியே தொடர்ந்து வர வழியில்லை.

பாட்டு எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் விசாரிப்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். மெமரி கார்டில் ஏற்றித் தரும் பழைய பாட்டுகளில் பெரும்பாலானவை 128 கேபிபிஎஸ் எம்பி3. கேசட்டிலிருந்து ஒருமுறை, எம்பி3 ஆக ஒருமுறை, யூடியூப் வழியாக ஒருமுறை என்று நைந்துபோனவையும் உண்டு. அவற்றையே, ஒலியை இழக்காமல் சேமிக்கும் ‘ஃபிளாக்’ வடிவத்துக்கு மாற்றிப் பெரிய கோப்பாக விற்கிறார்கள். கோப்பு ஊதும், போன ஒலி திரும்பாது. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்தால், 16 கிலோஹெர்ட்ஸ் அருகே வண்ணம் சட்டென்று நின்று அதற்கு மேல் வெறும் கறுப்பாக இருக்கும். இந்தக் கோப்பை லட்ச ரூபாய் பிளேயரில் போட்டாலும் அந்தக் கறுப்பு கறுப்புதான். 1978இல் வந்த ‘பிரியா’ பாட்டுகள் ஸ்டீரியோவில் பதிவானவை. அவற்றின் நல்ல பிரதி கிடைத்தால் எளிய இயர்போனிலேயே வாத்தியங்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து நிற்பது கேட்கும்.

காசு செலவில்லாமல் ஒலி மாறும் இடம் ஒன்று உண்டு: இயர்போனின் ரப்பர் முனை. டப்பாவில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி வரும். மாட்டி வந்த நடுத்தரத்தோடு வாழ்நாளை ஓட்டுகிறவர்களே அதிகம். முனைக்கும் காதுக்கும் நடுவில் காற்று புகும் சந்து இருந்தால் முதலில் ஓடிப்போவது தாழ்ந்த ஒலி. இளையராஜா பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸ் கிடாரைக் கவனியுங்கள். அந்த வாத்தியத்தின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்வது. முனை தளர்ந்திருந்தால் அந்த அடித்தளம் போய், மேலே ஒட்டியிருக்கும் சன்னமான டக் டக் மட்டும் மிஞ்சும். “இதுல பேஸ் இல்ல” என்று அடுத்த இயர்போனுக்குப் பணம் எடுத்துவைப்பார்கள். காதின் மேல்நுனியை மறு கையால் லேசாக இழுத்து, பெரிய முனையைச் செருகி விட்டுப் பாருங்கள். பேஸ் வந்து உட்காரும். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

முனை சரியாக அடைத்தால் பஸ் எஞ்சின் உறுமலும் அடங்கும், சவுண்டைக் குறைத்தே கேட்கலாம். அடைக்காவிட்டால் உறுமலை மீறக் கூட்டிக் கூட்டி வைப்பார்கள், போக வர இரண்டு வேளையும். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. உள்காதின் மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. எந்தக் கடையிலும் அதற்கு மாற்று கிடையாது.

வாங்கியே ஆக வேண்டும் என்றால், நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டோடு கடைக்குப் போங்கள். முனைகளை மாற்றிப் பாருங்கள். சவுண்டைச் சமமாக வைத்துக்கொண்டு, எது எந்த மாடல் என்று சொல்லாமல் மாற்றி மாற்றித் தரும்படி கூட வந்தவரிடம் சொல்லுங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் விலை குறைந்ததை எடுங்கள். மாட்டிப் பார்க்கவே விடாத கடையில் வாங்காதீர்கள்.