கணக்கில் வராத பூனைகள்

வாகரையைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கப் பூனையைப் பற்றி எழுதுவதா என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். நியாயமான கோபந்தான். 2004 டிசம்பர் 26 இல் கடல் புகுந்த கரை அது. 2006 நவம்பர் 8 இல் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்த அகதிகள்மீது எறிகணைகள் வீழ்ந்தன. 2007 ஜனவரியில் இராணுவம் வாகரையைக் கைப்பற்றுவதற்குள் பல்லாயிரம் பேர் ஊரைவிட்டு வெளியேறியிருந்தனர். பிள்ளையைத் தூக்குவதா, அரிசிப் பையைத் தூக்குவதா என்ற வேளையில் பூனையை யார் தூக்குவார்?

அதே 2006 இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் நிறைவேறியது. அதற்கு முந்திய ஆண்டு கத்ரினா சூறாவளியின்போது, வளர்ப்புப் பிராணிகளை விட்டுவர மனமின்றி வீடுகளிலேயே தங்கிவிட்டவர்கள் பலர். ஆகவே அனர்த்தகாலத் திட்டங்களில் பிராணிகளுக்கும் இடமிருக்கவேண்டும் என்று விதித்தார்கள். எங்கள் அகதிப் பதிவேடுகளில் பூனைக்கு ஒரு வரி இருந்ததில்லை.

பூனை ஆளைவிட இடத்தையே பெரிதும் நம்பும் பிராணி. ஆட்கள் போனாலும் அடுப்படியைச் சுற்றியே கிடக்கும். ஆளில்லாத வீட்டில் பிறக்கும் குட்டியோ, முதல் சில வாரங்களில் மனிதக் கை படாவிட்டால் ஆயுள் முழுதும் மனிதரைக் கண்டு மிரளும். அத்தகைய பூனையைப் பிடித்துவந்து ‘வளர்க்கக் கொடுப்பது’ அதற்குச் செய்யும் உபகாரம் அன்று.

இதனாலேயே, ஊருக்குப் ‘பூனை இல்லம்’ கட்டப் பணம் அனுப்பலாமா என்று கேட்கும் புலம்பெயர்ந்த அன்பர்களுக்கு என் பதில்: வேண்டாம். நெருக்கி அடைத்த கூடுகளில் தொற்றுநோய்தான் முதலில் குடிபுகும். கரையோரப் பூனைக்கு மீன்வாடியில் தலையும் குடலும் கிடைக்கின்றன. அதற்கு வேண்டியது கருத்தடைச் சத்திரசிகிச்சையும் விசர்நோய்த் தடுப்பூசியும். பெட்டைப் பூனை ஆறு மாதம் நிறையுமுன்னரே சினைப்படக்கூடும். ஒன்பது வாரத்தில் குட்டிகள். சத்திரசிகிச்சை முடிந்ததற்கு அடையாளமாகக் காதுநுனியைச் சற்றே வெட்டி, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

ஆனால் மட்டக்களப்பு நகரிலிருந்து வாகரை சுமார் 60 கிலோமீற்றர். ஒரு பூனையைச் சாக்கில் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் பஸ் ஏறும் கடற்றொழிலாளியை நான் எதிர்பார்க்கமாட்டேன். அரச மிருக வைத்தியருக்குக் கறவைமாடு முதல் வேலை. அதில் குறைசொல்ல ஏதுமில்லை. ஆகவே பணம் அனுப்புவோர் கட்டடத்துக்கு அனுப்பாமல், ஒரு வைத்தியர் மருந்தோடும் பொறிக்கூண்டுகளோடும் ஆண்டுக்கு இருமுறை அங்கு போய்த் தங்கிவரும் செலவுக்கு அனுப்பட்டும். எந்தப் பெட்டை எந்த வாடிக்குப் பின்னால் குட்டி போட்டிருக்கிறது என்பதை அவர் தேடி அலைய வேண்டியதில்லை. கரைவலை இழுப்பவர்களைக் கேட்டால் போதும்.