லேப் டெஸ்டுக்கும் அப்டேட் வேண்டும்!

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் யார் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் என்னைக் கூப்பிடுவார்கள். போன மாதம் பக்கத்து குவார்ட்டர்ஸ் நண்பர் அழைத்தார். "சார், ஆன்டிவைரஸ் போட்டு ஸ்கேன் பண்ணிட்டேன். வைரஸ் எதுவும் இல்லைன்னு வருது. ஆனா கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகருது" என்றார். போய்ப் பார்த்தால், இன்ஸ்டால் செய்த நாளிலிருந்து அப்டேட்டே செய்யவில்லை. அப்டேட் செய்து மீண்டும் ஸ்கேன் செய்தேன். ஒளிந்திருந்தது அகப்பட்டது.

"வைரஸ் இல்லை" என்றால், "என் லிஸ்டில் உள்ள வைரஸ் இல்லை" என்றுதான் அர்த்தம். மருத்துவ லேப்களில் பாக்டீரியாவைக் கண்டுபிடிக்கும் டெஸ்டுகளுக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து.

நம் மாநிலத்திலேயே நடந்த உதாரணம் உண்டு. 1992 அக்டோபரில், அன்றைய மெட்ராஸில் காலரா போன்ற கடும் வயிற்றுப்போக்கு பரவியது. காலரா கிருமியை ஆன்டிசீரத்தில் கலந்தால், பால் திரிவது போல் திட்டுத்திட்டாகத் திரளும். திரண்டால் அது ஓ1 வகை. கொள்ளைநோயாகப் பரவுவது ஓ1 மட்டுமே என்று அப்போது நம்பினார்கள். ஆனால் மெட்ராஸில் கிடைத்த கிருமி திரளவே இல்லை! மற்ற எல்லாவற்றிலும் காலரா கிருமிதான். அதுவரை தெரிந்திருந்த 138 வகைகளில் எதனோடும் அது ஒத்துப்போகவில்லை. கடைசியில் ஓ139 என்று புதிய எண் கொடுத்தார்கள். சில மாதங்களிலேயே அது கல்கத்தா, வங்கதேசம் வரை போய்விட்டது. பழைய காலராவுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது விடவில்லை.

இன்று பெரிய லேப்களில் மால்டி-டாஃப் என்ற மெஷின் இருக்கிறது. கிருமியின் புரதங்களை அளந்து, தன் டேட்டாபேஸோடு ஒப்பிட்டு, சில நிமிடங்களில் பெயர் சொல்லிவிடும். டேட்டாபேஸில் இல்லாத கிருமி வந்தால்? சில சமயம் அதன் நெருங்கிய உறவுக்காரர் பெயரைச் சொல்லிவிடும்.

மெலியாய்டோசிஸ் என்ற நோயில் இந்த ஆபத்து அதிகம். இதன் கிருமி ஈர மண்ணிலும் சேற்றிலும் வாழ்வது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறது. டவுன்ஷிப்பைத் தாண்டினால் வயல்கள்தான் என்பதால் எனக்கு இது தூரத்து விஷயமல்ல. நோய் பார்வைக்குக் காசநோய் போலத் தோன்றும். லேபிலோ கிருமியைச் சூடோமோனாஸ் என்று தவறாக எழுதிவிடுவது உண்டு. சூடோமோனாஸுக்குப் பயன்படும் ஜென்டாமைசின் இதற்குப் பெரும்பாலும் வேலை செய்யாது. பெயர் தப்பினால் மருந்தும் தப்பும். உயிரே போகலாம்.

இதற்குக் கோடி ரூபாய் மெஷின்தான் வேண்டும் என்பதில்லை. மூன்று ஆன்டிபயாடிக் வில்லைகளை வளர்ப்புத் தட்டில் வைத்துப் பார்த்தாலே சந்தேகம் வந்துவிடும். செலவும் குறைவு. தேவை, தெரிந்த கண்ணும் அப்டேட் ஆன லிஸ்டும்தான்.

அந்த லிஸ்டில் நம் ஊர்க் கிருமிகளும் இடம்பெற வேண்டும். கிருமிகளின் ஜீன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஜென்பேங்க் டேட்டாபேஸ் 1982 முதல் இயங்குகிறது. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். 2000-ல் வெளியான காலரா கிருமியின் முழு ஜீன் வரிசை சுமார் 40 லட்சம் எழுத்துகள். எழுத்துக்கு ஒரு பைட் என்றால் 4 எம்.பி. அந்தக் கால ஃபிளாப்பி மூன்றில் அடங்கிவிடும்! உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே டவுன்லோட் செய்து பார்க்கலாம்.

புதிய மெஷின் வந்திருக்கிறது என்று எந்த மருத்துவமனை விளம்பரம் செய்தாலும், "லிஸ்டைக் கடைசியாக எப்போது அப்டேட் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் உங்கள் ஆன்டிவைரஸையும் ஒரு தடவை அப்டேட் செய்துவிடுங்கள்!