சோறு போட்டால் போதுமா? குட்டிக்கு ஊசி யார் போடுவது?

அனுப்பம்பட்டு:

"குட்டி நாய் கடிச்சா விஷம் கிடையாதுப்பா!"

இந்தப் பேச்சை ரயிலடி டீக்கடையிலும் கேட்கலாம், பழவேற்காடு படகுத் துறையிலும் கேட்கலாம். நாலு எழுத்துப் படித்தவர்களும் சொல்கிறார்கள். இது பொய். ஆளைக் கொல்லும் பொய்.

வெறிநோய்க் கிருமி நாயின் வயசு பார்ப்பதில்லை. ராத்திரி வெறிபிடித்த நாய் ஒன்று வந்து, படகுக்கு அடியில் கிடக்கும் குட்டியை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனால் போதும். அந்தக் குட்டிக்கும் நோய் வரும். அப்புறம் அதன் பால் பல் பட்டாலே ஆபத்து. கீறல் சின்னது, பையன் துடைத்துப் போட்டுவிட்டு விளையாடப் போய்விடுவான். சொன்னால் அம்மா அடிப்பாள் என்று மறைத்தும் விடுவான். சில வாரமோ சில மாதமோ கழித்து, தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுக்கும். அதற்கப்புறம் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் பிழைப்பது ஏறக்குறைய இல்லை.

2024-ல் மட்டும் தமிழ்நாட்டில் 43 பேர் இப்படிச் செத்தார்கள். அந்த வருஷம் நாய்க்கடி 4 லட்சத்து 80 ஆயிரம். உலகம் முழுக்க வருஷத்துக்கு 59 ஆயிரம் பேர் சாகிறார்கள் என்று கணக்கு. அதில் நூற்றுக்கு 40 பேர் 15 வயசுக்கு உட்பட்ட பிள்ளைகள். குட்டியைத் தூக்கிக் கொஞ்சுகிற வயசு!

எது நம்ம நாய்?

கும்மிடிப்பூண்டி லோக்கலில் அனுப்பம்பட்டு, பொன்னேரி வந்து இறங்கிக் கிழக்கே போனால் கடலோரம் வரை குப்பங்கள். மீன் கழிவு இருக்கிற இடத்தில் நாய் இருக்கும். மார்கழி, தை வந்தால் குட்டிகள் நிறைய. பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றைத் தூக்கி வந்துவிடுவார்கள். கழுத்தில் ஒரு நைலான் கயிறு, தேங்காய்ச் சிரட்டையில் மீன் குழம்புச் சோறு. பெயர் மணி, அல்லது டைகர். அதோடு வளர்ப்பு முடிந்தது.

அந்தக் குட்டி பிறத்தியார் பிள்ளையைக் கடித்துவிட்டால் வருகிற பதில்தான் வேடிக்கை. "எங்க நாய் இல்லீங்க, ஊர் நாய். பாவம்னு சோறு போடுவோம், அவ்ளோதான்." திருடன் வந்தால் எங்க நாய் குரைக்கும்; கடித்தால் ஊர் நாய்! இது எந்த ஊர் நியாயம்?

என் கட்சி இதுதான். சிரட்டையில் சோறு வைத்தவர் அந்தக் குட்டிக்கு ஊசியும் போட வேண்டும். வெளியில் காசு கொடுத்துப் போட்டாலும் வெறிநோய் ஊசி மருந்து ஒரு கிலோ நல்ல இறால் விலையைத் தாண்டாது. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்த்தால் லைசென்ஸ் வேண்டும், லைசென்சுக்கு வெறிநோய் ஊசிச் சான்று வேண்டும். இந்தப் பக்கம் அப்படிக் கேட்கிற ஆளைப் பார்ப்பது அபூர்வம். அதனால் நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாக இருக்கிறது.

தினம் ஒரு தடவு!

ஊசிக்கு முன்னாலே கை வைத்தியம் ஒன்று உண்டு. காசு செலவில்லை. தினம் சாயங்காலம் ஐந்து நிமிஷம் குட்டியை மடியில் போட்டு, தலையிலிருந்து வால் வரை சீப்பாலோ முரட்டுத் துணியாலோ வாருங்கள். நாட்டு நாய்க்கு முடி குட்டை, எதற்கு வாருவது என்று கேட்காதீர்கள். அழகுக்காகச் சொல்லவில்லை. காதுக்குள், காது மடிப்பில், கால் விரல் இடுக்கில், கக்கத்தில் உண்ணி இருக்கிறதா, எங்கேயாவது காயம், கட்டி, முடி கொட்டின வட்டம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். பல்லைத் திறந்து பாருங்கள். பாதத்தைப் பிடித்து அமுக்குங்கள். குட்டியிலே கை பழகின நாய்தான் பெரிசானதும் டாக்டர் முன்னால் சும்மா நிற்கும். பழகாத நாயை நாலு பேர் பிடித்தாலும் ஊசி போட முடியாது. கடைசியில் பிடிக்கப் போனவருக்குத்தான் ஊசி.

உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். விரலால் நசுக்கக் கூடாது. உண்ணி ரத்தத்தில் காய்ச்சலை ஏற்றிவிடும். குட்டி வெளிறிப் போய்ச் சோறு வேண்டாம் என்று படுத்துவிடும்.

இங்கே ஒரு கெட்ட வழக்கம். சொறி பிடித்தால் படகு என்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலை எடுத்து உடம்பெல்லாம் பூசிவிடுகிறார்கள். உண்ணிக்கு மண்ணெண்ணெய். "பூசினா பூச்சி செத்துடும்" என்கிறார்கள். பூச்சி சாகிறதோ இல்லையோ, நாய் நக்கிப் பார்க்கும். தோல் வேகும், நக்கினது வயிற்றுக்குள் போகும். சொறிக்குக் கால்நடை டாக்டரிடம் மருந்து இருக்கிறது. என்ஜின் ஆயில் மருந்து இல்லை.

குளியல் தினம் வேண்டாம். ரெண்டு மாதம் ஆகாத குட்டியைத் தண்ணீரில் முக்கவே வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும். அதற்கு மேல் மாதம் ஒன்றிரண்டு தரம், வெயில் நேரத்தில், நாய்க்கென்று விற்கிற சோப்பில். நம்ம துணி சோப்பு அதன் தோலுக்கு ஆகாது. ஏரியிலே, முகத்துவாரத்திலே விழுந்து எழுந்து வந்தால் உப்பு போக நல்ல தண்ணீர் ஊற்றித் துவட்டிவிடுங்கள். காதுக்குள் தண்ணீர் விடாதீர்கள், பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள். நகம் வெட்டுவதாக இருந்தால் நுனியை மட்டும். உள்ளே சிவப்பாகத் தெரிவது ரத்த நரம்பு.

மணலில் ஒளிந்த புழு

குடல் புழு விஷயம் பிள்ளை பெற்றவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. நாய்க்குட்டிக்குப் புழு வெளியிலிருந்து வர வேண்டும் என்பதில்லை. தாய் வயிற்றிலேயே, தாய்ப்பாலிலேயே வந்துவிடும். வயிறு மட்டும் பானை மாதிரி, மற்றதெல்லாம் எலும்பு என்று ஒரு குட்டி நின்றால் "நல்லா தின்னுது" என்று அர்த்தமில்லை, புழு என்று அர்த்தம். பிறந்து ரெண்டு வாரத்தில் தொடங்கி மூன்று மாதம் வரை 15 நாளைக்கு ஒரு தரம், ஆறு மாதம் வரை மாதம் ஒரு தரம், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் மருந்து. எடையைப் பார்த்துத்தான் அளவு; குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது.

நாய் போட்டதை மணல் மூடிக்கொள்ளும். கொக்கிப் புழுவின் குஞ்சு அந்த மணலிலிருந்து வெறுங்காலில் தோல் வழியாக ஏறி, தோலுக்கு அடியில் கோடு கோடாக ஊர்ந்து அரிக்கும். உருண்டைப் புழுவின் முட்டை பிள்ளை கையிலிருந்து வாய்க்குப் போனால் ஈரலுக்கும் போகலாம், கண்ணுக்கும் போகலாம். செருப்பில்லாமல் மணலில் நடக்கிற, வலை உலர்த்துகிற, விளையாடுகிற ஊர் இது. குட்டிக்குக் கொடுக்கிற புழு மருந்து பாதி நம்ம பிள்ளைக்குக் கொடுக்கிற மருந்து.

ஒரு ஊசி போட்டும் செத்துப் போச்சே!

இந்தக் குறை பல வீட்டில் உண்டு. ரத்தபேதி போட்டு, கெட்ட நாற்றம் அடித்து, ரெண்டே நாளில் குட்டி போய்விடும். அதுதான் பார்வோ. 1978-ல் உலகத்துக்குத் தெரிய வந்த வைரஸ். ஊசி இருக்கிறது. ஆனால் ஒரு ஊசியில் முடிகிற வேலை இல்லை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டி உடம்பில் இருக்கிற வரைக்கும் ஊசி மருந்தையும் அது அழித்துவிடும். அது எப்போது தீரும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தரம், 16 வாரம் ஆகும் வரை திரும்பத் திரும்பப் போடுவது. முதல் ஊசியோடு நிறுத்தியவர்கள்தான் டாக்டரைத் திட்டுகிறவர்கள். பார்வோவில் ஒரு குட்டி செத்த இடத்தில் கிருமி மாதக்கணக்கில் கிடக்கும். பினாயிலுக்கு அசையாது, பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவ வேண்டும். கழுவாமல் அடுத்த வாரமே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து கட்டுவது அதையும் கொல்லத்தான்.

இதே ஊசியில் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடுவது உண்டு. மழை வெள்ளத்தில் எலி மூத்திரம் கலக்கிற தாழ்வான பகுதிக்காரர்கள் டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். அது நாயிடமிருந்து ஆளுக்கும் வரும்.

வெறிநோய் ஊசி தனி. மூன்று மாதம் முடிந்ததும் முதல் ஊசி. பூஸ்டர் எப்போது என்று டாக்டர் சொல்லும் தேதியைத் தவறவிடாமல் போட்டு, பிறகு வருஷம் தவறாமல்.

பதினாலு ஊசிக் காலம்

தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி வாங்கின பெரியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து அது. அதைத் தயாரித்த இடங்களில் ஒன்று குன்னூர் பாஸ்டர் நிலையம். 1907-ல் அது திறக்கும் வரை கடிபட்டவர் இமயமலைப் பக்கம் கசௌலிக்கு ஓட வேண்டியிருந்தது. ஆட்டு மூளை மருந்தை நம்ம நாட்டில் 2004-ன் கடைசியில் நிறுத்தினார்கள். தொப்புள் ஊசிப் பயம் மட்டும் நிற்கவில்லை. "அய்யோ, வயித்துல போடுவாங்க" என்று இன்றைக்கும் கடியை மறைக்கிறவர்கள் உண்டு.

இப்போது போடுவது கையில். சர்க்கார் ஆஸ்பத்திரியில் தோலில் போடும் முறையில் கடித்த அன்று, 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள். காசு இல்லை. கடித்த உடனே 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, காப்பித் தூள் எதுவும் வேண்டாம். ரத்தம் தெரிந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் கேட்டு வாங்குங்கள். அது இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அன்றைக்கே போங்கள்.

ஜூலை வரை யார் காவல்?

இனி சர்க்காருக்கு ஒரு வார்த்தை. 1885 ஜூலை 6-ல் லூயி பாஸ்டரின் மருந்தை ஒன்பது வயசுப் பையனுக்கு முதல் ஊசியாகப் போட்டார்கள். அந்த நாளை ஒட்டிக் கால்நடை ஆஸ்பத்திரிகளில் நாய்களுக்கு இலவச வெறிநோய் ஊசி போடுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தை மாதக் குட்டிக்கு மூன்று மாதம் நிறைவது சித்திரையில். ஜூலை 6 வருவது ஆனியில். நடுவில் ரெண்டரை மாதம்! கோடை விடுமுறையில் பிள்ளையும் குட்டியும் ஒன்றாகப் புரளுகிற காலம் அது. பங்குனி, சித்திரையில் ஒரு முகாம் படகுத் துறையிலேயே போட்டால் என்ன? ஒரு ஐஸ் பெட்டி, ரெண்டு ஆள். மீன் ஊருக்கு ஐஸ் பஞ்சமா?

கோவாவைப் பாருங்கள். அதுவும் கடற்கரை ஊர், மீன் ஊர். ஊசியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக, கடற்கரை கடற்கரையாக ஆட்கள் போனார்கள். மூன்று வருஷமாக வெறிநோயில் ஒரு மனிதச் சாவும் இல்லை என்று 2021-ல் அந்த மாநிலம் அறிவித்தது. நூற்றுக்கு 70 நாய்க்கு ஊசி போட்டுவிட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெருநாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் 2025 ஆகஸ்ட் 22-ல், கருத்தடை செய்து ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிபிடித்ததும் மூர்க்கமானதும் மட்டும் விலக்கு. கோர்ட்டு சொன்னால் ஆயிற்றா? ஏரியைத் தாண்டிப் படகில் போக வேண்டிய குப்பத்துக்கு நாய்வண்டி எப்படிப் போகும்?

அதிகாரிகள் வரட்டும் என்று ஊரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பழவேற்காட்டில் பாடு முறை இருக்கிறது. எந்த நாள் யாருக்கு எந்த இடத்தில் வலை என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, முறை வைத்துத் தொழில் செய்கிறவர்கள். அவர்களுக்கு நாய் ஊசிக்கு ஒரு தேதி குறிப்பதா பெரிய காரியம்? பெரியவர்கள் ஒரு நாளைக் குறித்துக் கால்நடை ஆஸ்பத்திரியில் மனு கொடுத்து, "எங்க குப்பத்துல இத்தனை நாய், இத்தனை குட்டி, படகு எங்களுது, நீங்க மருந்தோட வாங்க சார்" என்று கேட்கலாம்.

முகாம் வரும் வரை பொன்னேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பஸ் இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். குட்டியைச் சாக்கில் கட்டாதீர்கள், மூச்சு முட்டும். வாய் அகலமான கூடையில் பழைய லுங்கியை விரித்துக் கொண்டுபோங்கள். ஊசி போட்ட தேதியைச் சீட்டில் எழுதி வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.