நெடுஞ்சாலையோர விளைநிலங்களில் வாகனம் பாய்ந்து ஏற்படும் சேதத்துக்கு உரிய இழப்பீடு கிடைக்கச் செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
நெடுஞ்சாலையோர நிலமுடைய விவசாயிகள் சங்கம்,
கரூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கரூர் மாவட்டம்.

பொருள்: கட்டுப்பாடு இழந்த வாகனங்களால் விளைநிலம், வேலி, கிணறு, மோட்டார் கொட்டகை, கால்நடை ஆகியவற்றுக்கு ஏற்படும் சேதத்தை அன்றைக்கே பதிவு செய்யவும், இழப்பீட்டுக்கு வழி செய்யவும், விபத்து தொடரும் இடங்களில் தடுப்பு அமைக்கவும் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

கோவையிலிருந்து திருச்சி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 81, நாமக்கல்லிலிருந்து திண்டுக்கல் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 ஆகிய இரண்டும் நம் மாவட்டத்தில் விளைநிலங்களை ஒட்டியே செல்கின்றன. தென்னிலை, க.பரமத்தி பக்கம் கிளுவை வேலி போட்ட கொரங்காட்டு மேய்ச்சல் நிலங்கள். அரவக்குறிச்சி பக்கம் முருங்கைத் தோட்டங்கள். மாயனூரிலிருந்து குளித்தலை வரை வாய்க்கால் பாசனத்தில் வாழையும் நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலும். ஓட்டுநர் கண்ணயர்ந்தாலோ, டயர் வெடித்தாலோ, வளைவில் வேகம் மீறினாலோ வண்டி வந்து விழுவது எங்கள் காட்டில்தான்.

உயிருக்கு ஆபத்து என்றால் ஆம்புலன்ஸ் வருகிறது, வழக்குப் பதிவாகிறது. அதில் எங்களுக்குக் குறையில்லை; உயிரே முதலில். ஆனால் "ஆள் சேதம் இல்லை" என்று ஆனதும், விவசாயிக்கு நேர்ந்த சேதம் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. சட்டத்தில் இழப்பீட்டுக்கு வழி இருக்கிறது. அந்த வழியில் போகத் தேவையான பதிவு முதல் சில மணி நேரத்திலேயே தவறிப்போகிறது. இம்மனுவின் சாரம் ஒன்றே: வண்டி வயலைவிட்டு வெளியேறும் முன் சேதம் எழுத்தில் ஏற வேண்டும்.

நடப்பது என்ன?

எங்கள் உறுப்பினர் ஒருவரின் வாழைத் தோட்டத்தில் விடியற்காலையில் சரக்கு லாரி ஒன்று கவிழ்ந்தது. குலை தள்ளி, முட்டுக் கொடுத்து நின்ற பூவன் வாழை. லாரி விழுந்த இடத்தில் சாய்ந்தவை ஒரு பங்கு என்றால், அதைத் தூக்க வந்த கிரேன் வழி தேடி மிதித்தவை இன்னொரு பங்கு. வரப்பு உடைந்தது, சொட்டுநீர்க் குழாய்கள் நசுங்கின, டேங்க்கிலிருந்து வழிந்த டீசல் கால்வாயில் இறங்கியது. காலை வெயில் ஏறுவதற்குள் லாரியும் கிரேனும் போய்விட்டன. காவல் நிலையத்தில், "ஆளுக்கு ஒண்ணும் ஆகலியே, பேசி முடிச்சுக்குங்க" என்றார்கள். மூன்று வாரம் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்தபோது சாய்ந்த மரங்கள் அங்கே இல்லை. சாய்ந்த வாழையை அழுக விட்டால் கூன்வண்டு அடுத்த மரங்களுக்கும் பரவும் என்பதால் அவற்றை வெட்டி அகற்றியாக வேண்டியிருந்தது. "எத்தனை மரம் விழுந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார் சர்வேயர். வாழைக்கன்றுக்கும் முட்டுக் கம்புக்கும் பில் இருக்கிறதா என்றும் கேட்டார்.

கொரங்காட்டில் வேறு விதமான துன்பம். கிளுவை வேலி நட்டு அடர்ந்து வரப் பல ஆண்டுகள் ஆகும். வண்டி பிளந்துவிட்டுப் போன இடைவெளியை அன்றிரவே முள் வைத்து அடைக்காவிட்டால், உள்ளே மேயும் ஆடுமாடுகள் நெடுஞ்சாலைக்கு வந்துவிடும். மாடு அடிபட்டால் மாட்டுக்காரனுக்கு நட்டம். மாட்டின் மீது மோதி இருசக்கர வாகனத்தில் வந்தவர் விழுந்தால் பழியும் மாட்டுக்காரன் மீதே. வேலியை உடைத்த வண்டி அதற்குள் மாநில எல்லையைத் தாண்டியிருக்கும்.

இந்த நிலையில்தான் சில இடங்களில் விவசாயிகள் லாரியைச் சிறைபிடிப்பதும் மறியலில் இறங்குவதும் நடக்கிறது. சங்கம் இதை ஆதரிக்கவில்லை. ஓட்டுநர் கூலிக்கு ஓட்டுபவர். லாரி வைத்திருப்பவர்களில் பலர் எங்கள் சொந்தபந்தங்கள். வண்டி போய்விட்டால் ஈடு எதுவும் கையில் இராது என்ற பயமே மறியலுக்குக் காரணம். அரசுப் பதிவு கையில் இருந்தால் அந்தப் பயத்துக்கு இடமில்லை.

சட்டம் தரும் உரிமை

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் பிரிவு 165, மூன்றாம் தரப்பினரின் சொத்துச் சேதத்துக்கான கோரிக்கைகளையும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விசாரிக்கலாம் என்கிறது. பிரிவு 166-இன்படி சொத்தின் உரிமையாளரே மனுச் செய்யலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இந்த மனுவைக் கொடுக்க வேண்டும். அறுவடை, நடவு, கடன் தவணை என்று அலையும் விவசாயிக்கு, வண்டியின் விவரமே கிடைக்காத நிலையில், 6 மாதம் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடுகிறது.

அதே 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகனத் திருத்த விதிகள், விசாரணை அதிகாரி விபத்து இடத்தைப் பார்வையிட்டுப் படம் எடுத்து, 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும் 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையும் தர வேண்டும் என்கின்றன. இழப்பீடு கோருபவர் கேட்டால் வண்டியின் விவரங்களையும், சேதமான சொத்து குறித்துத் தம்மிடம் உள்ள தகவலையும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ பதிவு அலுவலரோ உரிய கட்டணம் பெற்றுத் தர வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 160.

காப்பீட்டிலும் கவனிக்க வேண்டியது உண்டு. கார், லாரி போன்ற வாகனங்களின் பாலிசிகளில் மூன்றாம் தரப்புச் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை காப்பு இருப்பது வழக்கம். பிரீமியத்தில் சிறு சலுகைக்காக அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. எனவே எந்த வகைப் பாலிசி என்பதை விபத்தன்றே அறிவது அவசியம். பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இயற்கை இடர்களுக்கானது. வாகனம் பாய்ந்த சேதத்துக்கு அது கைகொடுப்பதில்லை.

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால் விவசாயிக்கு எதுவுமே இல்லை. பிரிவு 161-இன் கீழான திட்டம் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்குகிறது. சொத்துச் சேதம் அதில் இடம்பெறவில்லை.

கோரிக்கைகள்

அ. காவல் துறை தொடர்பாக

1. ஆள் சேதம் இல்லாவிட்டாலும் விவசாயி தரும் புகாரை அன்றே பெற்று, சி.எஸ்.ஆர். ரசீது வழங்க வேண்டும். அதிவேகமாகவோ அஜாக்கிரதையாகவோ ஓட்டியது தெரியவந்தால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். நிலையத்தில் வைத்துச் சமரசத்துக்கு வற்புறுத்தக் கூடாது.

2. வண்டியை அகற்ற அனுமதிக்கும் முன், விழுந்த நிலையிலேயே வண்டி, பயிர், வேலி, கட்டுமானம் ஆகியவற்றைப் படமும் காணொளியும் எடுத்து, விபத்து அறிக்கையில் சொத்துச் சேதத்தைத் தனியாகக் குறிக்க வேண்டும். பதிவுச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் விவரங்கள் நில உரிமையாளருக்கும் கிடைக்க வேண்டும்.

3. மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாத வண்டி என்றால், போதிய பிணை பெறாமல் அதை விடுவிக்கக் கூடாது என்ற விதியைச் சொத்துச் சேத வழக்குகளிலும் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும்.

4. நிற்காமல் சென்ற வண்டிகளைக் கண்டறிய மணவாசி, வேலஞ்செட்டியூர் சுங்கச் சாவடிகளின் கேமரா பதிவுகளையும் ஃபாஸ்டேக் தகவல்களையும் அழியும் முன் கேட்டுப் பெறுமாறு காவல் துறைக்கு அறிவுறுத்த வேண்டும்.

ஆ. வருவாய், வேளாண், தோட்டக்கலை, கால்நடைத் துறைகள் தொடர்பாக

5. தகவல் கிடைத்த 72 மணி நேரத்துக்குள் கிராம நிர்வாக அலுவலரும், பயிருக்கேற்ப வேளாண் அல்லது தோட்டக்கலை உதவி அலுவலரும் கூட்டாகத் தணிக்கை செய்து, சேதச் சான்று வழங்க ஆணையிட வேண்டும். சர்வே எண், அடங்கல்படி பயிர், பயிரின் வயது, சேதமான பரப்பு அல்லது மரங்களின் எண்ணிக்கை, மதிப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். சான்று கிடைத்ததும் நிலத்தைச் சுத்தம் செய்ய விவசாயிக்குத் தடை இருக்கக் கூடாது.

6. சாலை விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்கும்போது மரங்களுக்கும் கட்டுமானங்களுக்கும் அரசுத் துறைகளே மதிப்பிடுகின்றன. அதே முறையை இங்கும் பின்பற்றினால் கடைப் பில் கேட்கும் நிலை ஒழியும். முருங்கை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மரத்தின் விலையோடு, மறுநடவு காய்ப்புக்கு வரும் வரையிலான வருமான இழப்பையும் சேர்க்க வேண்டும். கிளுவை வேலிக்கும் நீளக் கணக்கில் மதிப்பு வகுக்க வேண்டும்.

7. கால்நடை இறந்தால் அன்றே உடற்கூறாய்வு செய்து சான்று தரக் கால்நடை உதவி மருத்துவர்களுக்கு அறிவுறுத்த வேண்டும். சான்றுக்காகக் காத்திருந்து உடல் அழுகிப்போனால் இழப்பீட்டுக்கு ஆதாரமில்லை.

இ. மீட்புப் பணி, எரிபொருள் மற்றும் ரசாயனக் கசிவு தொடர்பாக

8. கிரேனும் மீட்பு வண்டியும் நிலத்துக்குள் இறங்கும் முன் உரிமையாளருக்குத் தகவல் சொல்லி, குறைந்த சேதத்துக்கு வழிவகுக்கும் பாதையைக் குறிக்க வேண்டும். உயிர் மீட்புக்கு இது பொருந்தாது. அதற்கு வரப்பை நாங்களே வெட்டித் தருவோம். சரக்கையும் வண்டியையும் மீட்பதில் நேரும் சேதத்தை முதல் சேதத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

9. டீசல், எண்ணெய், ரசாயனம் கொட்டிய இடத்தில் மண், கிணற்று நீர் மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்து, பாசனத்துக்கும் குடிநீருக்கும் ஏற்றதா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

10. பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், 1991, அபாயகரமான பொருள்களை வாகனத்தில் கொண்டு செல்வதையும் உள்ளடக்கியது. நிவாரண மனுவைத் தங்களிடமே 5 ஆண்டுகளுக்குள் அளிக்கலாம். 3 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. டேங்கர் விபத்துகளில் இந்த வழி இருப்பதை விவசாயிகளுக்கு அறிவித்து, மனுக்களைப் பெறத் தனி அலுவலரை நியமிக்க வேண்டும்.

ஈ. மின்வாரியம் தொடர்பாக

11. மின்கம்பம் உடைந்தால் வாரியம் மதிப்பீடு தயாரித்து, வண்டி உரிமையாளரிடம் பணம் வசூலிக்கிறது. சாலையோரத் தடுப்புக்கும் அப்படியே. பக்கத்திலேயே நொறுங்கிக் கிடக்கும் விவசாயியின் மோட்டாருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் அந்த மதிப்பீட்டில் இடமில்லை. விவசாய மின் இணைப்பு சேதமானால் அதையும் வாரியப் பொறியாளர் குறித்துச் சான்று தர வேண்டும். இணைப்பை மீட்கும் செலவை விவசாயி தலையில் கட்டக் கூடாது. பயிர் நிற்கும் காலத்தில் முன்னுரிமை கொடுத்து மின்சாரம் வழங்க வேண்டும்.

உ. நெடுஞ்சாலைத் துறை தொடர்பாக

12. ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள் 3 ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த 5 விபத்துகள், அல்லது 10 உயிரிழப்புகள் நடந்தால்தான் அந்த இடம் கரும்புள்ளியாகக் கணக்கில் வருகிறது. வயலுக்குள் வண்டி விழுந்து ஓட்டுநர் தப்பித்தால் அந்த விபத்து இந்தக் கணக்கில் சேராது. ஒரே வளைவில் வண்டிகள் திரும்பத் திரும்ப இறங்கினாலும் அங்கே தடுப்பு வர ஆள் சாக வேண்டியிருக்கிறது. மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவில் இவ்விடங்களைத் தனிப் பட்டியலாக எடுத்து, சேதம் மட்டுமே ஏற்பட்ட விபத்துகளையும் சேர்க்க வேண்டும்.

13. பட்டியலில் உள்ள இடங்களில் இரும்புத் தடுப்பு, ஒளிரும் எச்சரிக்கைப் பலகை, அதிர்வுக் கோடுகள் அமைக்க வேண்டும். தடுப்பு அமைக்கும்போது நிலத்துக்குச் செல்லும் வண்டிப் பாதையையும் வாய்க்கால் மதகையும் அடைத்துவிடாமல், அந்தந்த நில உரிமையாளருடன் இடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஊ. சட்ட உதவி மற்றும் நிவாரணம் தொடர்பாக

14. சேதச் சான்றின் நகலை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்பி, 6 மாதக் கெடு முடியும் முன் மனுத் தாக்கல் செய்ய உதவ வேண்டும். சிறு தொகைக் கோரிக்கைகளை மக்கள் நீதிமன்றத்தில் காப்பீட்டு நிறுவனங்களை வரவழைத்து முடிக்கலாம்.

15. வண்டி அடையாளம் தெரியாத விபத்துகளில் சொத்துச் சேதத்துக்கும் நிவாரணம் வழங்க மாநில அளவில் நிதி ஏற்படுத்துமாறு அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். சிறு, குறு விவசாயிகளுக்கு மறுநடவுக்கான இடுபொருளையாவது துறைத் திட்டங்கள் வழியாக முன்னுரிமையில் தர வேண்டும்.

சங்கத்தின் பங்கு

இக்கோரிக்கைகளில் பலவற்றுக்குப் புதிய சட்டமோ பெருநிதியோ தேவையில்லை. துறைகளுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். எங்கள் பங்குக்கு, சாலையை ஒட்டிய கிராமங்கள்தோறும் ஒரு பொறுப்பாளரை நியமிக்கிறோம். விபத்து நடந்தால் 108-க்கும் 1033-க்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்வது, காயம்பட்டவரை மீட்பது, கவிழ்ந்த சரக்கில் யாரும் கை வைக்காமல் பார்ப்பது, வண்டியை மறிக்காமல் அதிகாரிகளுடன் ஒத்துழைப்பது ஆகியவை அவர் பொறுப்பு. பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களுடன் நிலத்தின் இன்றைய படங்களையும் உறுப்பினர்கள் தயாராக வைத்திருக்கச் செய்கிறோம்.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு முன்பாக, மேற்கண்ட துறைகளின் அலுவலர்களையும் எங்கள் பிரதிநிதிகளையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்திட வேண்டுகிறோம். இவற்றுள் மாவட்ட அளவில் உடனே செய்யக்கூடிய 1, 2, 5, 8 ஆகிய கோரிக்கைகளுக்கு அக்கூட்டத்திலேயே ஆணை பிறப்பித்து, மற்றவற்றின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் எங்களுக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.



இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.

இடம்: கரூர்

இணைப்புகள்: வண்டிகள் அடிக்கடி இறங்கும் இடங்களின் வரைபடம், சேதப் படங்கள், உறுப்பினர்களின் கையொப்பப் பட்டியல்.

நகல்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத் திட்ட இயக்குநர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர், மின் பகிர்மான வட்ட மேற்பார்வைப் பொறியாளர், வேளாண், தோட்டக்கலை, கால்நடைத் துறைகளின் மாவட்ட அலுவலர்கள், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர்.